சமதரையில் ஐந்து நாட்கள்

சிங்கப்பூரில் எங்கள் வீட்டுக்காரர் மொத்தம் பதினொரு பெஞ்சுகளில் உட்கார்ந்தார். கணக்கு டீச்சர் என்பதால் எண்ணினேன் என்று நினைத்துவிட வேண்டாம், கோபத்தில் எண்ணினேன். முதல் பெஞ்சு சுரங்க ரயில் நிலையத்தில், நகரும் படிக்கட்டு வந்து முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. துருவோ தூசியோ இல்லாத, உட்கார்ந்தால் சில்லென்று இருக்கும் இரும்புப் பெஞ்சு. அதில் அவர் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் ஊன்றி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, எதிரே இருந்த கண்ணாடிக் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எங்களோடு சேலத்திலிருந்து வந்த சுற்றுலாக் கூட்டம் முன்னால் போய்விட்டது. வழிகாட்டி தன் மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைத் தேடுவது தூரத்தில் தெரிந்தது. "ஏனுங்க, எந்திரிங்க. எல்லாரும் நமக்காவ நிக்கறாங்க" என்றேன். "செத்த இரு டீச்சர். உக்கார்றதுக்கு எத்தன எடம் போட்டு வெச்சிருக்கறாங்க பாரு. உக்காராமப் போனா மரியாதையா இருக்காது" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை நிறுத்தி மூச்சு இழுத்தார்.

ஊர் திரும்பி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவர் இறந்துபோனார். இதயம் வீங்கிப் பெருத்திருந்தது என்றார்கள். அந்த இரும்புப் பெஞ்சில் இரண்டு முறை இழுத்த மூச்சு என் கண்ணெதிரே, என் காதுபட நடந்தது. அதற்கு அன்று நான் என்ன பெயர் வைத்தேன் என்பதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம்வரை, இரண்டு வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

அவர் ஏற்காட்டில் ஜீப் ஓட்டினார். ஏரிப் பக்கத்து ஸ்டாண்டில் முப்பது வருடம். கீழேயிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில், கிளியூர் அருவி என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு, மறுபடி ஏரிக்கரையில் இறக்கி விடுவார். நானும் அவரும் எஸ்டேட் லைன் வீடுகளில் பிறந்தவர்கள். காப்பிப் பழம் பறித்த கைகள்தான் எங்கள் இரண்டு பேரின் அம்மாக்களுடையதும். நான் எப்படியோ படித்து டீச்சர் ஆனேன். அவர் படிக்கப் பிடிக்காமல் வண்டியைப் பிடித்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீச்சர்தான். கோபம் வந்தால் டீச்சரம்மா. ஸ்டாண்டில் இருக்கிற மற்ற டிரைவர்கள் எல்லாம் அவரை, "என்னங்ணா, இன்னிக்கு வீட்டுப்பாடம் எழுதியாச்சா?" என்று கிண்டல் செய்வார்கள். அவரும் கூடச் சிரிப்பார்.

எங்கள் ஊரில் மூச்சு வாங்குவது ஒரு செய்தியே கிடையாது. பால் வாங்கப் போனால் மேடு, பஸ்ஸுக்குப் போனால் மேடு, பள்ளிக்கூடத்தில் பிரேயர் நடக்கும் இடத்திலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குப் போக நாற்பத்தி மூன்று படி. பாதிப் பேச்சில் நிறுத்தி மூச்சு விட்டுவிட்டு மீதியைப் பேசுவது எங்களுக்குப் பழக்கம். கிளியூர் அருவிக்கு இறங்கிவிட்டு ஏற முடியாமல் படியில் உட்கார்ந்துவிடும் சுற்றுலாக்காரர்களிடம் எங்கள் வீட்டுக்காரர் வழக்கமாக ஒரு வசனம் சொல்வார். "மூச்சு வாங்குனா நல்லதுங்க. நல்ல காத்து உள்ள போவுதுன்னு அர்த்தம்." அதைக் கேட்டதும் அவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிடுவார்கள்.

எங்களுக்கு ஒரே மகள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள்தான் அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தாள். "முப்பது வருசமா மத்தவங்களுக்கு ஊர் சுத்திக் காட்டறீங்க. உங்களுக்கு ஒருத்தரு காட்ட வேண்டாமாப்பா?" என்று கேட்டாள். மே மாதம் சீசன் நேரம், ஜீப்பை நிறுத்திவிட்டு வருவதா என்று அவர் முரண்டு பிடித்தார். எனக்கோ மே மாதத்தில்தான் லீவு. இரண்டு நாள் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் சரியென்றார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் கிளம்பியது ஊர் பார்க்கும் ஆசையில் அல்ல. மகளுடைய மனமும் என்னுடைய முகமும் வாடக் கூடாது என்றுதான்.

மலையில் பிறந்தவர்களுக்குக் கீழே இறங்கினால் ஆகாது என்பது எங்கள் ஊரில் யாரும் கேள்வி கேட்காத சங்கதி. சேலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தால்கூட, மறுநாள் உடம்பு கனக்கும், கால் வீங்கும், மூச்சு சரியாக வராது, சாப்பாடு இறங்காது என்பார்கள். எஸ்டேட்டில் வேலை பிரித்துக் கொடுக்கும் ரைட்டர்கூட, "நேத்து கீழ போயிருந்தேனுங்க" என்று சொன்னால் அன்றைக்கு லேசான வேலையாகத்தான் கொடுப்பார். அதற்கு மருந்தும் உண்டு. எங்கள் மலை மிளகை நுணுக்கி வெந்நீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, ஒரு சொம்பு குடித்துவிட்டுப் போர்த்திப் படுத்துவிட வேண்டும். மறுநாள் சரியாகிவிடும். எத்தனையோ முறை சரியாகியிருக்கிறது. நான் அறிவியல் படித்தவள், கணக்கோடு அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். ஆனாலும் சேலம் போய்விட்டு வந்தால் மிளகுத் தண்ணீர் குடிக்காமல் நான் படுத்தது கிடையாது. சிங்கப்பூருக்குக் கிளம்பும்போது என் பெட்டியில் முதலில் வைத்தது நுணுக்கிய மிளகுப் பொட்டலத்தைத்தான்.

அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது. பிடித்தது என்று சொல்வதுகூடக் குறைவு, மயங்கிப்போனேன். முப்பது வருடமாக ‘வரிசையில் நில்’, ‘குப்பையைக் கீழே போடாதே’, ‘சத்தம் போடாதே’ என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஒருத்திக்கு, ஒரு ஊரே வரிசையில் நிற்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? சாக்கடை என்று எட்டிப் பார்த்தால் அதில் தெளிந்த தண்ணீர் ஓடியது. மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை. ரயிலில் தமிழில் அறிவிப்பு வந்தபோது பக்கத்தில் இருந்த சீனப் பெண்மணியிடம், "எங்க பாஷை" என்று தமிழிலேயே சொன்னேன். அவர் புரிந்ததுபோலத் தலையாட்டினார். நடைபாதை எங்கே பார்த்தாலும் வழவழவென்று சமமாக இருந்தது. இரண்டு பக்கமும் கட்டடங்கள்தான் உயரமே தவிர, தரை அப்படியே தோசைக்கல். என் காலுக்கு நடப்பதே தெரியவில்லை. எங்கள் மலையில் வெள்ளக்கடை ஊருக்கு மேலே மேடு ஏறி ஏறித் தேய்ந்த முழங்கால் இரண்டும் சும்மா இருந்தன. சின்னப் பிள்ளையைப்போல முன்னால் முன்னால் ஓடினேன்.

அவரோ பின்னால் வந்தார். முதல் நாள் கொஞ்சம் பின்னால், அப்புறம் நிறையப் பின்னால். ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை. "ஏம்புள்ள, நேத்திலிருந்து ஒருத்தனும் ஆரன் அடிக்கல, கவனிச்சியா? இந்த ஊரு டிரைவருங்களுக்குக் கைன்னு ஒன்னு இருக்குதா இல்லியா?" என்றார். இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஆரன் அடித்தே பழகியவருக்கு அது தாங்கவில்லை. டாக்சியில் போகும்போது வளைவு வந்தால் அவருடைய கட்டைவிரல் தானாகத் தொடையை அழுத்தும். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். "கொட்டைய வெண்ணெயில வறுத்திருக்கறான்" என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. வழிகாட்டியிடம் கேட்டேன், ஆமாம் என்றான். எனக்கு அவர்மேல் அப்போது நொடிநேரம் பெருமையாக இருந்தது. அடுத்த நொடி அவர் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மேசையைப் பிடித்தார், இரண்டாவது முயற்சியில்தான் எழுந்தார். என் பெருமை போய் எரிச்சல் வந்தது.

எரிச்சல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், கூட்டத்தில் எங்களால்தான் எப்போதும் தாமதம். சேலத்து ஜவுளிக்கடைக்காரரின் மனைவி, என்னைவிட எட்டு வயது மூத்தவர், வாட்ச்சைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் மணி அடித்த பிறகு வரும் பிள்ளைகளை வெளியே நிறுத்துகிறவள் நான். எனக்கு அந்தப் பார்வை பொறுக்கவில்லை. "அருவியில எல்லாத்துக்கும் சொல்லுவீங்களே, மூச்சு வாங்குனா நல்லதுன்னு? நல்ல காத்து உள்ள போவட்டும், நடங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் நிற்கிறவரைக்கும் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் நான் கண் விழித்தபோது அவர் படுக்கையில் இல்லை. ஜன்னல் ஓரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பத்தொன்பதாவது மாடி. கீழே வண்டிகள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. "எப்ப எந்திரிச்சீங்க?" என்றேன். "படுத்தா ஒரு மாதிரியா இருக்குது. உக்காந்தா பரவால்ல" என்றார். கால்களைப் பார்த்தேன். மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த ஷூ முதல் நாள் நுழைந்தது, இன்றைக்கு நுழையவில்லை. கணுக்காலுக்கு மேலே சாக்ஸின் விளிம்பு பதிந்து வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரியும். விமானத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் கால் வீங்கும். ஏசியில் படுத்தால் நெஞ்சு கட்டும். மலையிலிருந்து கடலோரத்துக்கு இறங்கினால் மூச்சு கனக்கும். கெட்டிலில் வெந்நீர் வைத்து, மிளகுப் பொடியை இரண்டு கரண்டி போட்டு, ஓட்டல் கண்ணாடி டம்ளரில் ஊற்றி நீட்டினேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுவதையும் குடித்தார். வியர்த்தது. "இப்பப் பரவால்லீங்களா?" என்றேன். "பரவால்ல டீச்சர்" என்றார். அன்று மட்டுமல்ல, ஐந்து நாளும் காலையில் அதைக் கொடுத்தேன். என் கணவருடைய இதயம் தண்ணீர் தேங்கித் திணறிக்கொண்டிருந்தபோது நான் அதற்கு மேலும் தண்ணீரைத்தான் ஊற்றினேன்.

அந்த ஓட்டலுக்குக் கீழேயே, வரவேற்பறையைத் தாண்டி மூன்றாவது கதவு ஒரு கிளினிக். கண்ணாடிக் கதவு, உள்ளே பச்சைச் செடி, வெளியே டாக்டரின் பெயர். தமிழ்ப் பெயர். ஒரு நாளைக்கு நான்கு முறையாவது அதைக் கடந்து போயிருப்போம். "நம்மாளுங்க இங்க டாக்டராக்கூட இருக்கறாங்க பாருங்க" என்று அவருக்குக் காட்டியவளும் நான்தான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று மத்தியானம் ஒரு பெரிய பூங்காவுக்குப் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் மலையும் அருவியும் செய்து வைத்திருந்தார்கள். வாசல் வரைக்கும் வந்தவர் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழாவது பெஞ்சு. மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி, "டீச்சர், நாம ஊட்டுக்குப் போயிரலாமா?" என்று கேட்டார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. நான் சொன்ன பதில் இது: "புள்ள ஆசையா அனுப்பி வெச்சிருக்கறா. ரெண்டு நாளு பொறுக்க முடியாதா உங்களால? உங்க ஜீப்பு எங்கயும் ஓடிப் போயிராது." அவர் தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்தார். "நீ போய்ப் பாத்துட்டு வா. நான் பாக்காத அருவியா?" என்றார்.

நான் போனேன். சும்மா சொல்லக் கூடாது, உள்ளே சந்தோஷமாகவே இருந்தேன். இரண்டு மணிநேரம் கழித்து வெளியே வந்தபோது அதே பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் வயதான சீனர் ஒருவர் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். தனக்கல்ல, எங்கள் வீட்டுக்காரருக்கு. ஒரு செய்தித்தாளை மடித்துத் தாளம் தப்பாமல் விசிறினார். என்னைக் கண்டதும் எழுந்து, இவருடைய நெஞ்சைக் காட்டி, கையை விரித்து விரித்து மூடி, ஏதோ வேகமாகச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேர்க்கிறது என்று சொல்கிறார்போல என்று நினைத்து, கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தேன். போகும்போது அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

மீதி நாட்களில் எங்கள் வீட்டுக்காரர் ஊருக்குப் போகலாம் என்று கேட்கவே இல்லை. பெஞ்சுகளில் உட்கார்ந்தார், எழுந்தார், வந்தார். திரும்பி வந்து சேலத்தில் இறங்கி, ஸ்டாண்டு நண்பர் ஒருவர் கொண்டுவந்த ஜீப்பில் மலை ஏறினோம். பாதி வளைவுகள் தாண்டியதும் குளிர்ந்த காற்று வந்தது. அவர் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு முகத்தை வெளியே நீட்டினார். "அப்பாடா! இப்பத்தான் மூச்சு வந்துச்சு" என்றார். நான் வெற்றியோடு அவரைப் பார்த்தேன். மலைக்கு வந்ததும் சரியாகிவிட்டது. ஆகவே அது கீழே இறங்கின கோளாறு. கணக்கை வழியெல்லாம் எழுதிப் போட்டு விடையும் சரிபார்த்துவிட்ட திருப்தி எனக்கு. வீட்டுக்கு வந்த மகளிடம், "உங்கப்பா சிங்கப்பூரு பாக்கல கண்ணு. பதினோரு பெஞ்சு பாத்துட்டு வந்திருக்கறாரு" என்று சொல்லி எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. அவருக்கு இருமல் விடவில்லை. இரண்டு தலையணை வைத்துப் படுக்க ஆரம்பித்தார். ஒரு சனிக்கிழமை நான்தான் வற்புறுத்திச் சேலத்துக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். "மூச்சு வாங்குதுங்களா?" என்றார். "மேடு ஏறுனா வாங்குமுங்க. எங்கூர்ல எல்லாத்துக்கும் வாங்கும்" என்றார் இவர். "சமமான எடத்துல நடந்தா வாங்குதா?" என்று டாக்டர் கேட்டார். இவர் உடனே, "ஏற்காட்டுல சமமான எடம்னா ஏரித் தண்ணி ஒன்னுதானுங்க டாக்டர்" என்றார். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது கவனிச்சீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"இல்லீங்க டாக்டர். நல்லாத்தான் நடக்கறாரு" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல. ஐந்து நாள் சமதரையில் அவர் தவித்ததை நான் நோய்க் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது கீழே இறங்கின கோளாறு, அதற்கு மிளகுத் தண்ணீர் கொடுத்தாயிற்று, முடிந்துபோயிற்று. இன்னொரு அற்பக் காரணமும் உண்டு. "சிங்கப்பூருக்குப் போயிருந்தப்ப" என்று ஆரம்பித்தால் டீச்சர் பீற்றிக்கொள்கிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்று ஒரு கூச்சம். டாக்டர் இருமலுக்கு மருந்து எழுதினார். எதற்கும் இதயத்தை ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்துவிடலாம், ஆனால் அவசரமில்லை, அடுத்த முறை வரும்போது போதும் என்றார். அவசரமில்லை என்ற சொல்லை அவர் என் பதிலிலிருந்துதான் எடுத்தார். அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்டாண்டில் முதல் சவாரிக்குக் காத்திருந்தவர், ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். தூங்குகிறார் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. எல்லா டிரைவரும் அப்படித் தூங்குகிறவர்கள்தான். பிறகு ஒருவர் தொட்டுப் பார்த்துப் பதறி, எனக்கு ஆள் அனுப்பி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பயந்து இன்னொரு பாதையில், குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறக்கினார்கள். அவர் தலை என் மடியில் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஆரன் அடித்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பகல் இருந்தார். அங்கிருந்த இதய டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். "இது திடீர்னு வந்ததில்லம்மா. ரெண்டு மூணு மாசமாவே சமதரையில நடந்தாக்கூட மூச்சு வாங்கியிருக்கணுமே. அப்ப வந்திருந்தா மருந்துலயே நல்லாக் கொண்டு வந்திருக்கலாம். யாரும் கவனிக்கலீங்களா?" என்றார். சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் மகள் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு அறிகுறியும் இல்லை, நன்றாக இருந்தார், சிங்கப்பூர் எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார் என்று. சொல்லச் சொல்ல அவளுக்கு அதுவே ஊன்றுகோல் ஆகிவிட்டது. தான் அனுப்பிவைத்த அந்த ஐந்து நாள்தான் அப்பாவுக்குக் கடைசியாகக் கிடைத்த நல்ல நாட்கள் என்று அவள் நம்பினாள். நான் வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மாடிப்படி ஏறுகிற பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் நிறுத்திவைத்து விசாரிக்கிற பழக்கம் மட்டும் எனக்கு வந்தது. பிள்ளைகள் என்னை விநோதமாகப் பார்க்கின்றன.

போன மாதம் அவருக்கு இரண்டாம் வருடத் திதி. சொந்தக்காரர்கள் சாப்பிட்டுப் போன பிறகு நானும் மகளும் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அன்று மத்தியானமும் அவள் தன் அத்தையிடம் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தாள். ஒரு அறிகுறியும் இல்லை என்று. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. இந்தப் பிள்ளையின் முன்னால் யோக்கியமாக நடமாடிக்கொண்டிருக்க இனி என்னால் ஆகாது என்று தோன்றியது. பெஞ்சுகளைச் சொன்னேன். ஷூ நுழையாததைச் சொன்னேன். மிளகுத் தண்ணீரை, கிளினிக் கதவை, ஊட்டுக்குப் போயிரலாமா என்று அவர் கேட்டதை, டாக்டருக்கு நான் சொன்ன பதிலை எல்லாம் சொன்னேன். "அங்க அத்தனையும் சமதர, சாமி. சமதரையில அவருக்கு மூச்சு வாங்குச்சு. பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்குப் புத்தி வரல" என்றேன். அவள் கத்துவாள், அழுவாள், என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் சொன்னேன்.

அவள் குழாயை நிறுத்தினாள். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"நாலாம் நாளு சாயங்காலம் நான் போன் பண்ணுனனில்லம்மா. அப்பா பேசறப்ப நொம்ப மூச்சு வாங்குச்சு. என்னப்பா, மேடு ஏறிக்கிட்டே பேசறீங்களான்னு கேட்டேன். ஆமா கண்ணுன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சுட்டு வெச்சுட்டேன்." கையிலிருந்த தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "அன்னிக்கு மேடுதானம்மா ஏறிட்டு இருந்தீங்க? அங்க எங்கயாச்சும் ஒரு மேடு இருந்திருக்குமில்ல?"

நாலாம் நாள் சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அறையில் துணி மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தபோது அவர் கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். பேசி முடித்துப் போனை என்னிடம் நீட்டக்கூட முடியாமல் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"ஆமா சாமி" என்றேன். "அங்க ஒரு கோயிலுக்குப் படி ஏறிட்டு இருந்தோம். நொம்ப உசரம்."

அவள் இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தன படிம்மா?"

"நூத்தியெட்டு" என்றேன்.